ஊசி இறங்கிய இடம்

வடசேரி, நாகர்கோவில்
ஆனி 3

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் நலம். நீங்கள் மூவரும் நலமாக இருப்பதை அம்மா சொல்லி அறிகிறேன். இடவப்பாதி மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. கிணற்றில் இரண்டு உறை தண்ணீர் ஏறியிருக்கிறது. அக்கா வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போனாள். மற்றவற்றையெல்லாம் அம்மா ஞாயிறுதோறும் உன்னிடம் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் பேசும்போது நான் திண்ணையில் உட்கார்ந்திருப்பது உனக்கும் தெரியும். ஆகையால் செய்திகளை விட்டுவிட்டு நம் மாருதி 800 வண்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ரேடியேட்டரைக் கழற்றிவிட்டார்கள் என்றும், அடுத்த வாரம் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைப் பிரித்து, பரப்பைச் சீவிச் சமமாக்கும் ஃபேசிங்குக்கு அனுப்பப் போகிறார்கள் என்றும் நேற்று அம்மாவிடம் சொன்னாயாம். இந்தக் கடிதத்தை முழுவதும் படிக்காமல் ஹெட்டை லேத்துக்கு அனுப்பிவிட வேண்டாம். விரைவு அஞ்சலில் போடுகிறேன், அதற்குள் உன் கைக்கு வந்துவிடும். இதைப் போனில் சொல்லலாம் என்று இரண்டு முறை எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்கு முன்பே வைத்துவிட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து ஓசூருக்குத் திரும்பும் வழியில், தொப்பூர் மேட்டில் அந்த மதிய வெயிலில் நீ வண்டியை ஓரங்கட்டி, குழந்தையையும் மருமகளையும் இறக்கி நிழலில் உட்கார வைத்து, ரேடியேட்டர் மூடியில் கை வைக்காமல் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தாயே, அது மிகச் சரியான செயல். அந்த நேரத்தில் எவருக்கும் மூடியைத் திறந்து பார்க்கத்தான் கை பரபரக்கும். திறந்திருந்தால் கொதிநீர் முகத்தில் அடித்திருக்கும். குழந்தை பக்கத்தில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்து நான் பல இரவுகள் தூங்கவில்லை. எக்காலத்திலும் சூட்டில் மூடியைத் திறக்காதே.

ஆனாலும் ஊருக்கு வந்து இரண்டு வாரம் இருந்தபோது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் நிற்கும் பாட்டிலை ஒரு நாளாவது பார்த்திருக்கலாம். கடைசியாக எப்போது பார்த்தாய் என்று மருமகளிடம் கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை. காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பாட்டிலில் இருக்கும் இரண்டு கோட்டுக்கும் நடுவில் மட்டம் நிற்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். பழைய வண்டியை வைத்திருப்பவன் இதை வாரம் ஒருமுறை செய்தாக வேண்டும்.

அன்று நடந்ததை நீ சொன்னது எனக்கு ஒவ்வொரு சொல்லாக நினைவிருக்கிறது. மேடு ஏறத் தொடங்கியதும் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி மேலே போயிற்று, ஏசியை நிறுத்தினாய், சற்று நேரத்தில் ஊசி தானாகவே கீழே இறங்கியது, சூடு தணிந்துவிட்டது என்று நம்பி இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டினாய், பிறகுதான் எஞ்சின் இழுக்காமல் தட்டத் தொடங்கியது. அதைக் கேட்ட மாத்திரத்தில் நான் உன்னைத் திட்டினேன். ஊசி இறங்கியதன் பொருள் உனக்குத் தெரிந்திருக்க நியாயம் இல்லை. சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீரில் நனைந்து நின்றால்தான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். தண்ணீர் வற்றிப்போனால் அதைச் சுற்றிக் காற்றும் ஆவியும்தான் இருக்கும். தகிக்கும் உலோகத்தின் சூடு அதற்குச் சரியாக எட்டாது. அதனால் எஞ்சின் மிக மோசமாக வெந்துகொண்டிருக்கும் வேளையில்தான் ஊசி இறங்கி, ஒன்றுமில்லை என்று காட்டும். 

வாரந்தோறும் நீ அம்மாவிடம் "நல்லாயிருக்கேன், சாப்பிட்டேன்" என்று சொல்வதைத் திண்ணையிலிருந்து கேட்கும்போது எனக்கு இந்த ஊசியின் நினைவுதான் வருகிறது. அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

மக்களே, அன்று போனில் நான் உன்னிடம் என்ன சொன்னேன்? "21 வருஷம் என் கையில் இருந்த வண்டி, ஒரு நாள்கூடக் கொதித்ததில்லை, உன் கைக்குப் போய் மூன்று வருஷத்தில் எஞ்சினை எரித்துவிட்டாய்" என்றேன். நீ "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். அதன் பிறகு இந்த நாற்பது நாளாக என்னுடன் பேசவில்லை. நான் சொன்னது உண்மை இல்லை.

2019 மே மாதம் திருநெல்வேலியில் பெரியப்பா வீட்டு விசேஷத்துக்கு நான் மட்டும் போய்வந்தது உனக்கு நினைவிருக்கும். திரும்பும் வழியில் காவல்கிணறு தாண்டியதும் ஊசி ஏறியது. வீட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று நிறுத்தாமல் ஓட்டினேன். முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே வரும்போது ஊசி இறங்கியது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று பட்டு எஞ்சின் குளிர்ந்துவிட்டது என்று நினைத்தேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டுகள் வெப்பவியல் நடத்தியவன் அப்படி நினைத்தேன். ஆரல்வாய்மொழி ஊருக்குள் நுழையும்போது வண்டி நின்றது. பத்து நிமிடம்கூடப் பொறுக்காமல் மூடியைத் திறந்தேன். என் வலது முழங்கையின் உட்புறம் இருக்கும் தழும்பு சைலன்சரில் பட்டது என்று உங்கள் எல்லாரிடமும் சொன்னேன். அது அன்று பீறிட்ட ஆவியால் வந்தது. அதோடும் நிறுத்தவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு குடம் பச்சைத்தண்ணீர் வாங்கி, அந்தச் சூட்டிலேயே ஊற்றினேன்.

நம் வண்டியில் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் இரும்பு, அதன் மேல் பூட்டிய ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். போல்ட்கள் இறுக்கிப் பிடித்திருக்க, விரிய இடமில்லாமல் ஹெட் வளையும். அந்த நிலையில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஒரு பக்கம் திடீரெனச் சுருங்கி இன்னும் கோணும், வெடிப்பும் விடலாம். ஹெட் வளைந்ததும் நடுவில் கசியாமல் அடைத்திருக்கும் கேஸ்கட் விட்டுவிடும். பிறகு சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் போகும். தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் போகும். மறுநாள் காலை ஓசூரில் உன் வண்டியில் வெள்ளைப் புகை வந்ததும், மூன்று சிலிண்டரில் ஒன்று மிஸ் ஆனதும், டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்ததும் அதனால்தான். 2019இலும் இவை அத்தனையும் அப்படியே இருந்தன.

கோட்டாறில் ஒரு லேத்தில் ஹெட்டைச் சீவி, புதுக் கேஸ்கட் போட்டு ஓட்டினேன். 0.2 மில்லிமீட்டர் எடுத்ததாகச் சொன்னார்கள். அம்மாவிடம் சர்வீஸ் என்றேன். ரேடியேட்டரின் கீழ்ப் பகுதியில் கசிவு இருக்கிறது, புதிது போட்டுவிடுங்கள் சார் என்று பார்வதிபுரம் மெக்கானிக் அப்போதே சொன்னார். நான் போடவில்லை. பழைய லாரி டிரைவர்கள் செய்ததுபோல் மஞ்சள் பொடியைக் கரைத்து ரேடியேட்டரில் ஊற்றினேன். கசிவு நின்றது. மறுபடி கசிந்தபோது மறுபடியும் ஊற்றினேன். கூலன்ட் வாங்காமல் நம் கிணற்றுத் தண்ணீரையே மூன்று ஆண்டுகள் ஊற்றிவந்தேன். மஞ்சள் ஓட்டையை மட்டும் அடைப்பதில்லை. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். கிணற்றுநீரின் உப்பு உள்ளே சுண்ணாம்பாகப் படியும். கூலன்டில் இருக்கும் துருத்தடுப்பு மருந்து இல்லாததால் பிளாக்கின் இரும்பும் துருப்பிடித்துச் சேறாகும். சமவெளியில் மெதுவாக ஓட்டும்போது இது வெளியே தெரியாது. ஆட்களோடும் மூட்டைகளோடும் ஏசி போட்டுக்கொண்டு தொப்பூர் மேடு ஏறும்போது தெரியும்.

ரேடியேட்டரைக் கழற்றியாயிற்று என்று அம்மா சொன்ன நேரம் முதல் எனக்கு வேறு எண்ணமே இல்லை. அதைக் கவிழ்த்திருந்தால் மஞ்சள் சேறு விழுந்திருக்கும். நீ அதைப் பார்த்துவிட்டாயோ? பார்த்துவிட்டுத்தான் என்னிடம் ஒன்றும் கேட்காமல் இருக்கிறாயோ? மெக்கானிக் உன்னிடம் "இதை யார் சார் ஊற்றினது" என்று கேட்டிருந்தால் நீ என்ன பதில் சொல்லியிருப்பாய்? என்னைக் காட்டிக்கொடுக்காமல் உன் மேலேயே போட்டுக்கொண்டிருப்பாய் என்றுதான் தோன்றுகிறது. குளச்சல் சைக்கிள் விஷயத்திலும் நீ அப்படித்தான் செய்தாய்.

2022இல் குழந்தை பிறந்த கையோடு சாவியை உன்னிடம் கொடுத்தபோது, எண்ணெய் மாற்றிய தேதிகள் எல்லாம் எழுதிய நோட்டையும் சேர்த்துக் கொடுத்தேன். அந்த நோட்டில் 2019 மே மாதத்துக்கு நேரே "ஜெனரல் சர்வீஸ்" என்று எழுதியிருக்கும். பொருளைப் பேணத் தெரியாதவன் என்று சிறு வயதிலிருந்தே உன்னைச் சொல்லிக்கொண்டிருந்த நான், பேணாத ஒரு பொருளை உன் குழந்தை ஏறும் வண்டியாகக் கொடுத்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் நீ முதல் மாதமே ரேடியேட்டரை மாற்றியிருப்பாய். நீ அப்படிச் செய்யக்கூடியவன் என்று எனக்குத் தெரியும். என் பெயர் கெட்டுவிடும் என்று பயந்து சொல்லாமல் விட்டேன்.

இப்போது செய்ய வேண்டியதைக் கேள். இந்த ஹெட் ஏற்கெனவே ஒருமுறை சீவப்பட்டது என்பதை மெக்கானிக்கிடம் முதலில் சொல். அது தெரியாமல் அவர் மறுபடி சீவினால் எரியறை இன்னும் சிறுத்து, கம்ப்ரஷன் ஏறி, வண்டி தட்டும். கேஸ்கட்டும் சீக்கிரம் போகும். நேர்விளிம்பு வைத்து, மெல்லிய தகடுகளால் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜால் அளக்கச் சொல். 0.05 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் அந்த ஹெட்டை விட்டுவிட்டு நல்ல நிலையில் உள்ள வேறு ஹெட் தேடச் சொல். 2014இல் மாருதி 800 உற்பத்தி நின்றுபோனாலும் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. ஹெட்டை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. பிளாக்கின் மேல்பரப்பையும் அதேபோல அளக்க வேண்டும், சிலிண்டர் சுவரில் கீறல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தண்ணீர் கலந்த ஆயிலில் எஞ்சின் ஓடியிருப்பதால் பேரிங்கையும் கழற்றிப் பார்க்கச் சொல். பிஸ்டன் ரிங் அதிகச் சூட்டில் விறைப்பு இழந்திருந்தால், எல்லாம் பூட்டிய பிறகு வண்டி ஆயில் குடிக்கும். திரும்பவும் பிரிக்க வேண்டிவரும்.

ரேடியேட்டரைக் கழுவி மாட்டலாம் என்றால் சம்மதிக்காதே, புதிது போடு. ஹோஸ்கள், வாட்டர் பம்ப், பெல்ட், மூடி எல்லாமே புதிதாக இருக்கட்டும். மூடிதானே என்று விடாதே. குக்கரின் வெயிட் செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது; சரியான அழுத்தத்தைத் தாங்கினால் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது, ரப்பர் செத்துப்போன மூடியாக இருந்தால் வெகு முன்பே கொதித்து வெளியேறும். வெயில் ஊர்தானே, சூட்டுக்கேற்பத் தண்ணீர்ப் பாதையைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை எடுத்து எறிந்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதே. ஹெட் போல்ட்களை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். அந்த நேரத்தில் நீ பக்கத்தில் நில். கடைசியாக, வண்டியை நிறுத்தியபடி ஓடவிட்டு, ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்குகிறதா என்று உன் கண்ணால் பார்த்த பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறக்காதே. முன்பே எழுதினேன், இருந்தாலும் எழுதுகிறேன்.

இவ்வளவும் செய்தால் செலவு வண்டியின் விலையைத் தொட்டுவிடலாம். வண்டியே வேண்டாம் என்று நீ முடிவு செய்தால் எனக்கு வருத்தம் இல்லை, கொடுத்துவிடு. சரிசெய்வதாக இருந்தால் முழுச் செலவும் என்னுடையது. வட்டிக்கு எங்கும் வாங்காதே, கார்டிலும் தேய்க்காதே. அஞ்சலகத்தில் முதிர்ந்த பணத்தை எடுத்து வைத்திருக்கிறேன்; கணக்கு எண்ணை மருமகளிடம் சொல்லி அனுப்பு.

அம்மாவிடம் இன்று காலை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தழும்பையும் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். சிறிது நேரம் கழித்து வந்து, "அவனுக்கு எழுதினீங்களா" என்று மட்டும் கேட்டாள்.

மெக்கானிக்கிடம் கொடுப்பதற்காக 2019இல் செய்த வேலைகளைத் தனித் தாளில் எழுதி, லேத்து ரசீதையும் இணைத்திருக்கிறேன். அதைக் கொடுக்கும்போது அப்பா செய்தது என்றே சொல். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒன்பது மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். இந்த முறை அம்மாவின் போனுக்குப் பேசாமல் என் போனுக்குக் கூப்பிடு. ரேடியேட்டரில் இருந்தது மஞ்சள்தானா என்பதையும் சொல்.

உன் அப்பா