பழமைத் தோற்ற வேலையில் கெட்டுப்போன மஸ்கட் துப்பாக்கி நகல்: புகார் கடிதம்

பெறுநர்: நிர்வாகி, காட்சிப் பொருள் விற்பனைப் பிரிவு
அனுப்புநர்: காட்சிக் குழுவினர், சிங்கப்பூர்
பொருள்: நகல் துப்பாக்கிக்குப் பழைய தோற்றம் கொடுத்ததில் உள்ள குறைகள், முத்திரையை அழித்தது

ஐயா,

உங்களிடம் வாங்கிய இந்தியா பேட்டர்ன் மஸ்கட் (கிழக்கிந்தியக் கம்பெனியின் நீள்குழல் துப்பாக்கி வகை) நகலைப் பற்றி எழுதுகிறோம். புதிதாகச் செய்தது, 39 அங்குலக் குழல், தீத்துளை (மருந்துக்கு நெருப்பு போகும் துளை) போடாதது, சுட முடியாதது. அதிலெல்லாம் எங்களுக்குக் குறை இல்லை. 1819-இல் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸுடன் சிங்கப்பூரில் இறங்கிய கம்பெனிச் சிப்பாய்களைப் பற்றிய காட்சியில் வைப்பதற்காக, நெடுங்காலம் புழங்கிய தோற்றம் வரவேண்டும் என்று கேட்டு, அதற்குத் தனியாகக் கட்டணமும் கட்டினோம். குறை முழுவதும் அந்த வேலையில்தான்.

முதலில் குழல். பெட்டியைத் திறந்ததுமே நீச்சல் குளத்து வாடை அடித்தது. ரசீதோடு வந்த வேலைத் தாளிலும் வினிகரால் நீலப்பூச்சை எடுத்ததாகவும், பிறகு பிளீச் தடவியதாகவும் இருக்கிறது. இடையில் கழுவியதாக ஒரு வரிகூட இல்லை. வினிகர் ஈரம் காயாத இரும்பில் பிளீச் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பட்டறையில் அதைச் சுவாசிப்பவர்கள் உங்கள் வேலையாட்கள். துப்பாக்கி எப்படிப் போனாலும் போகட்டும், இதை இன்றே நிறுத்துங்கள்.

பிளீச் இரும்பைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைத்துக் குழி விழச் செய்யும், உண்மைதான். ஆனால் அதிலுள்ள குளோரைடு உப்பு அந்தக் குழிகளின் அடியில் தங்கிவிடும். சமையல் சோடாக் கரைசலில் முக்கினால் அமிலம் முறியும், உப்பு போகாது. இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. உப்பு அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு உள்ளுக்குள் துருவை வளர்க்கிறது. நீங்கள் பூசிய மெழுகுக்கு அடியில், குண்டூசித் தலை அளவில் ஆரஞ்சு நிறத் துளிகள் கசிகின்றன. துடைத்தால் அதே இடத்தில் திரும்பவும் வருகின்றன. வாலை நீரில் (காய்ச்சி வடித்த நீரில்) நனைத்த பஞ்சால் அந்த இடத்தை ஒற்றி, நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு சேர்த்த சில்வர் நைட்ரேட் கரைசலில் போட்டுப் பார்த்தோம். வெள்ளையாகக் கலங்கியது. உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது என்பதற்கு இது போதும்.

இதன் மேல் குழல் முழுக்க கோல்டு புளூ (சூடாக்காமல் இரும்பைக் கறுக்க வைக்கும் ரசாயனம்) பூசிக் கறுப்பாக்கியிருக்கிறீர்கள். அந்தக் காலச் சிப்பாய் தன் குழலைச் செங்கல் தூளும் எண்ணெயும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்டனை. அப்படித் தேய்த்துத் தேய்த்து வெளிறிய சாம்பல் நிறமும், அதனடியில் நுண்ணிய குழிகளும் இருக்கும் குழலைத்தான் கேட்டோம். குழிகளும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழாது. வெடிமருந்தின் கசடு ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்னும் என்பதால், பற்றவைக்கும் மருந்தை வைக்கும் தட்டையும் தீத்துளை இருக்கவேண்டிய இடத்தையும் சுற்றித்தான் அரிப்பு ஆழமாக இருக்கும். அங்கிருந்து குழலின் வாய்ப்பக்கம் போகப் போகக் குறையும். வாயருகே நாலு அங்குலத்துக்கு பயனெட்டின் (குழல்முனைக் கத்தியின்) வளையம் உரசிய தேய்மானம் தெரியவேண்டும். நீங்கள் அனுப்பிய குழலில் அடியிலிருந்து நுனிவரை ஒரே அளவுப் புள்ளிகள். பயனெட் பூட்டும் இடமோ புத்தம் புதிதாக இருக்கிறது.

கட்டையிலும் இதே கதைதான். சங்கிலியால் அடித்திருக்கிறீர்கள், ஒரே வடிவக் கண்ணிகளின் தடம் வரிசையாகத் தெரிகிறது. லாக்குக்கு (சுடும் பொறிக்கு) எதிர்ப்பக்கத்துப் பித்தளைத் தகட்டைக் கழற்றினால் அதற்கு அடியிலும் சங்கிலித் தடம்! இருநூறு ஆண்டுகள் தகடு மூடியிருந்ததாகச் சொல்லவேண்டிய இடம் அது. தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு அடித்தது பார்த்ததுமே புரிகிறது. உண்மையான அடி, பின்கட்டையின் கீழ்முனையில் விழும். அடுக்கி வைக்கும்போது பக்கத்துத் துப்பாக்கி உரசும் இடத்தில் விழும். கைபிடிக்கும் மெல்லிய பகுதியில் காயமே இருக்காது, வியர்வையும் எண்ணெயும் ஏறி வழவழப்பாகக் கறுத்திருக்கும்.

மருந்தைக் குழலுக்குள் கெட்டிக்கும் கம்பியைச் செருகும் பித்தளைக் குழாய்களில் நடுக்குழாய் நீளவாக்கில் விரிசல் விட்டிருக்கிறது. நிறத்தைக் கறுக்க அம்மோனியா ஆவி காட்டியிருக்கிறீர்கள். விசைக்காப்பு வார்ப்புப் பித்தளை என்பதால் தாங்கிக்கொண்டது. இந்தக் குழாயோ தகட்டைச் சுருட்டிச் செய்தது, உள்ளே இழுவிசை நிற்கும். அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்தால் அந்த இழுவிசையே பித்தளையைப் பிளந்துவிடும். மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டா உறைகள் இப்படி வெடித்தது பிரிட்டிஷ் இந்தியப் படைக்கே தெரிந்த சங்கதி. சுருட்டிய பாகங்களைப் பதப்படுத்தி இழுவிசையைத் தணித்த பிறகே ஆவி காட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு வழியில் நிறம் ஏற்றியிருக்கலாம்.

இவையெல்லாம் திருத்தக்கூடிய குறைகள். எங்களால் பொறுத்துக்கொள்ள முடியாதது ஒன்று உண்டு. குழலின் அடிப்பக்கத்தில், கட்டைக்குள் மறைந்திருக்கும் இடத்தில், செய்தவரின் முத்திரையும் செய்த ஆண்டும் இருந்தன. நீங்கள் முதலில் அனுப்பிய படத்தில் அது தெளிவாகத் தெரிகிறது. இப்போது அங்கே அரத்தால் ராவிய தடம்தான் இருக்கிறது. போதாததற்கு லாக்கில் நாங்கள் கேட்காமலே 1785 என்று ஆண்டு வெட்டியிருக்கிறீர்கள். பக்கத்திலேயே கம்பெனியின் பின்னங்கால்களில் நிற்கும் சிங்க முத்திரை. அந்தச் சிங்கம் 1808 வாக்கில்தான் கம்பெனி லாக்குகளுக்கு வந்தது. அதற்கு முன் இருந்தது இதய வடிவக் குறி. விவரம் தெரிந்தவர் ஒரு நொடியில் பொய் என்று கண்டுகொள்வார். தெரியாதவர் அசல் என்று நம்பிப் பெரும் பணம் கொடுப்பார். காட்சிப் பொருளுக்குப் பழைய தோற்றம் கொடுப்பது ஒரு கைத்திறன். முத்திரையை அழித்து ஆண்டு வெட்டுவது போலிச் சரக்கு செய்வது. எங்கள் பெயரில் உள்ள ஒரு பொருளை நீங்கள் அப்படி ஆக்கிவிட்டீர்கள். மேலும் நகல் துப்பாக்கியும் இங்கே காவல்துறையின் கட்டுப்பாட்டுக்குள் வருவது. அவர்களிடம் எங்கள் விண்ணப்பத்தோடு கொடுத்த படத்தில் இருக்கும் முத்திரை இப்போது பொருளில் இல்லை.

எனவே கேட்பது இது. குழலைக் கட்டையிலிருந்து பிரித்து, மெழுகையும் கோல்டு புளூவையும் நீக்கி, வாலை நீரில் கொதிக்க வைக்க வேண்டும். சில்வர் நைட்ரேட் சோதனையில் தண்ணீர் தெளிவாக நிற்கும்வரை நீரை மாற்றி மாற்றிக் கொதிக்க வைக்க வேண்டும். கொதிநீரில் சிவப்புத் துரு கருந்துருவாக மாறும். அதை நான்கு சுழி (0000, மிக மெல்லிய) எஃகுப் பஞ்சாலும் எண்ணெயாலும் தேய்த்துச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். விரிசல் விட்ட குழாயை மாற்றித் தரவேண்டும். லாக்கில் வெட்டிய ஆண்டை நீக்கி, குழலின் அடியில் உண்மையான தயாரிப்பு ஆண்டையும் ‘நகல்’ என்ற சொல்லையும் ஆழமாகப் பொறித்து, அதை எழுத்திலும் உறுதிசெய்ய வேண்டும். கட்டையைச் சரிசெய்ய முடியாது என்றே நினைக்கிறோம். அதற்குப் புதுக் கட்டை தேவை.

பொருள் கைக்கு வந்து ஆறு மாதம் ஆகவில்லை. லெமன் சட்டப்படி (குறையுள்ள பொருள்களுக்கான சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சட்டம்), இதற்குள் தெரியவரும் குறை ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். பழுது பார்த்தோ மாற்றியோ தரவேண்டியது உங்கள் பொறுப்பு. முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். 14 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்திடம் முறையிட்டு, சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்கும் போவோம். அதுவரை பொருளை உங்கள் ஆள் வந்து எடுத்துப்போக வேண்டாம். காவல்துறையிடம் கேட்ட பிறகே கைமாற்றுவோம்.

இப்படிக்கு,
காட்சிக் குழுவினர்

இணைப்பு: ரசீது, வேலைத் தாள், முத்திரை இருந்தபோதும் அழித்த பிறகும் எடுத்த படங்கள்