நம் வாய்க்காலின் ஏழு மதகுகள்: திருப்பணி நிறைவு அறிக்கை

நம் வாய்க்காலில் பாசனம் பெறும் ஆயக்கட்டுதாரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வேலை முடிந்து எட்டு மாதம் கழித்துக் கணக்குச் சொல்வது ஏன் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஒரு குறுவையும் ஒரு சம்பாவும் தண்ணீர் ஓடி, மதகுகள் நிற்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் ‘நிறைவு’ என்று எழுத வேண்டும் என்பது திருப்பணிக் கமிட்டியின் முடிவு. இந்த ஜனவரிக் கடைசியில் மேட்டூர் அணையை அடைத்து, வாய்க்கால் வற்றியதும் ஏழு மதகுகளையும் இறங்கிப் பார்த்துவிட்டோம். எங்கும் தண்ணீர் கசியும் ஊற்றுக்கண் இல்லை.

2018 ஆகஸ்ட் 22 அன்று திருச்சி அருகே முக்கொம்பில், 1836இல் கட்டிய கொள்ளிடம் மேலணையின் ஒன்பது ஷட்டர்கள் அடித்துப்போன செய்தியைக் கேட்ட பிறகுதான் நம் மதகுகளை நாமே உற்றுப் பார்த்தோம். பலகை உளுத்து, காரை பெயர்ந்து, இரண்டு இடத்தில் தளத்துக்கு அடியிலேயே தண்ணீர் மணலை அரித்துக்கொண்டு போனது. வைக்கோலும் சாக்கும் வைத்து அடைத்துத்தான் பல வருடம் ஓட்டினோம். நீர்வளத்துறையில் அனுமதி கொடுத்து, வரைபடமும் போட்டுத் தந்தார்கள். 2022 பிப்ரவரியில் வேலையை ஆரம்பித்தோம்.

ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்தாம் மதகுகள் பேசியபடி முடிந்தன. இனி மூன்றாம் மதகு. ஊரில் இதைப் பற்றிப் பலவிதமாகப் பேச்சு இருப்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பழைய தளத்தை உடைத்து எடுத்துவிட்டு, அதே மட்டத்தில் புதுக் கான்கிரீட் போடுவதாகத்தான் ஒப்பந்தக்காரரிடம் பேச்சு. அவர் பழைய தளத்தின் மேலேயே கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டுவிட்டார். ஏப்ரல் நடுவில் தண்ணீர் நிரப்பிய டியூப்பை வைத்து மட்டம் பிடித்துப் பார்த்தால் நான்கு அங்குலம் உயரம். கேட்டதற்கு, பழையதை உடைத்தால் பக்கச்சுவர் சரிந்துவிடும், நான்கு அங்குலத்தில் என்ன ஆகப்போகிறது என்றார். நம்மவர்களிலும் சிலர், ‘போனால் போகட்டும், வேலை நிற்கக் கூடாது’ என்றார்கள்.

வாய்க்கால் நிறைந்து ஓடும்போது நான்கு அங்குலம் கண்ணுக்கே தெரியாது, உண்மைதான். ஆனால் முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் நம் வாய்க்காலில் ஓடுவது ஒன்றரை அடி. அதில் நான்கு அங்குலம் என்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். தளம் உயர்ந்தால் தண்ணீர் மதகுக்கு மேலே தேங்கும், மேல்மடைகள் எல்லாம் குடிக்கும், கீழே நான்கு மதகுகளை நம்பியிருக்கும் கடைமடைக்கு மிச்சம்தான் வரும். ஷட்டரை முழுக்கத் தூக்கினாலும் இது தீராது, ஏனென்றால் தடுப்பு அடியில் இருக்கிறது. ஒருமுறை போட்ட தளம் ஐம்பது வருடம் இருக்கும். பங்காளிகளுக்குள் தண்ணீர்ச் சண்டையைக் கான்கிரீட்டில் ஊற்றி வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. உடைக்கச் சொன்னோம். அவர் கலவை மிஷினை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு நம்மூர்க் கொத்தனார்களை வைத்து, பக்கச்சுவருக்கு முட்டுக் கொடுத்து, தளத்தை உடைத்து எடுத்தோம். சுவர் சரியவில்லை. பொறியாளர் வந்து மட்டம் பார்த்து, சரி என்ற பிறகே கான்கிரீட் போட்டோம். இதில் பதினெட்டு நாள் போயிற்று. ஜூன் 12க்குத்தானே மேட்டூர் திறக்கும் என்று கணக்குப் போட்டிருந்தோம். அந்த வருடம் அணை நிரம்பியிருந்ததால் மே 24 அன்றே திறந்துவிட்டார்கள். டெல்டாவுக்கே சந்தோஷமான செய்தி, எங்களுக்கு மட்டும் அன்று இரவு தூக்கம் இல்லை. தஞ்சாவூர் அருகே தென்பெரம்பூரில் பிரிந்து வெண்ணாற்றில் தண்ணீர் வந்து சேர்வதற்குள் ஆறும் ஏழும் முடிய வேண்டும். ஆறு முடிந்தது. ஏழாவதற்கு மண்மூட்டை அடுக்கி, மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே ஷட்டர் மாட்டினோம். அந்த ஐந்து இரவும் கரையில் நின்ற பிள்ளைகளுக்குக் கமிட்டி என்றும் கடன்பட்டிருக்கிறது.

திட்டமிட்டது 9,40,000 ரூபாய். ஆன செலவு 11,15,000. அதிகமான 1,75,000இல் மூன்றாம் மதகை உடைத்துத் திரும்பப் போட்டது 82,000. ஏழாம் மதகில் மண்மூட்டை, மோட்டார், டீசல் 41,000. மீதி 52,000 அந்த மார்ச், ஏப்ரலில் ஏறிய இரும்பு விலை. ஒப்பந்தக்காரருக்கு முடித்த நான்கு மதகுகளின் கூலி முழுவதும் தந்தோம், மூன்றாவதுக்குத் தரவில்லை. தந்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் கூட்டத்தில் சொல்லலாம், எங்கள் பதில் மாறாது.

வரவு: ஏக்கருக்கு 600 வீதம் 1,240 ஏக்கருக்கு 7,44,000. குத்தகைக்காரர்களிடம் வாங்காமல் நிலத்துக்காரர்களிடம் மட்டுமே வாங்கினோம். ஓர் ஏக்கர்கூடப் பாக்கியில்லை. நன்கொடை 3,46,000. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பதினோரு பேர் 1,10,000, கீழத்தெரு அரிசி மில்காரர் 50,000, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் தம் ஒரு மாத ஓய்வூதியம் 32,000, நடவுக்குப் போகும் பெண்கள் சேர்ந்து 14,000, வீடு வீடாக எண்பத்து மூன்று வீடுகளில் 1,40,000. இவை போக உரக்கடைக்காரர் 25 மூட்டை சிமெண்ட் தந்தார். டிராக்டர் வைத்திருக்கும் ஆறு பேர் டீசல் மட்டும் வாங்கிக்கொண்டு மணல் அடித்தார்கள். கடைத்தெரு டீக்கடையில் வேலையாட்களுக்கு இரண்டு மாதம் டீக்குக் காசு வாங்கவில்லை. எல்லார் பெயரும் முதல் மதகடியில் கல்லில் இருக்கிறது. அந்த நடவுப் பெண்களின் பெயரை முதலில் வெட்டச் சொன்னது நான்தான்.

ஷட்டர் செய்த லேத்துப் பட்டறைக்கு இன்னும் 25,000 தர வேண்டும். அறுவடைப் பணம் கைக்கு வரும் நேரத்தில் ஏக்கருக்கு இருபது ரூபாய் வசூலித்து முடிக்கலாம் என்று கமிட்டி நினைக்கிறது. அதில் குறைகிற இருநூறு ரூபாயோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, ஷட்டர் திருகுத் தண்டுகளுக்குக் கிரீஸ் வாங்க வேண்டும். ஷட்டர் சுற்றும் ஏழு கைப்பிடிகளும் தண்ணீர் திறந்துவிடும் நீர்க்கட்டியிடம் இருக்கின்றன, வேறு யாரும் கேட்க வேண்டாம்.

வரும் ஞாயிறு காலை ரசீதுகளும் கணக்கு நோட்டும் கோயில் மண்டபத்தில் இருக்கும். அதன் பிறகு டியூப்பை எடுத்துக்கொண்டு மூன்றாம் மதகுக்குப் போகிறோம். வாய்க்கால் வற்றித்தான் கிடக்கிறது, மட்டம் பார்க்க விரும்புகிறவர்கள் கூட வரலாம்.