நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். முதுகுத்தண்டுல அடிபட்டவங்களைப் பத்தி எழுதுறவங்க நடக்குறதைப் பத்தி மட்டும்தான் எழுதுறாங்க, ஒண்ணுக்குப் போறதைப் பத்தி யாரும் வாயே திறக்குறதில்ல. என் தம்பி தென்னை மரத்துல இருந்து விழுந்து, தானா ஒண்ணுக்குப் போக முடியாமப் போனப்புறம் எங்க வீட்டுல பெரும்பாடே அதுதான். அமெரிக்காவுல மிச்சிகன் யுனிவர்சிட்டி சர்ஜன் ஜாக் லாபிடஸ், கதீட்டர்னா, அதாவது மூத்திரம் எடுக்க விடுற டியூப்னா, எல்லாமே ஸ்டெரைலா, கிருமியே இல்லாம இருந்தாகணும்னு டாக்டருங்க நம்பின காலத்துல, மூத்திரப்பை ரொம்பி வீங்கினா அதோட சுவருக்கு ரத்த ஓட்டம் குறையுது, கிருமி பிடிக்கிறதே அதனாலதான், கையைச் சுத்தமா கழுவிட்டு நோயாளியே டியூப் விட்டு எடுத்துக்கலாம்னு 1972ல எழுதினார். எவ்வளவு தைரியம் வேணும்! இன்னைக்கு தம்பி சோப்பு போட்டு கை கழுவி, கட்டில் ஓரமா உக்காந்து, நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா அவனே முடிச்சிட்டு வீல்சேர்ல கடைக்குப் போயிடுறான். அந்த டாக்டரைப் பத்தி ஞாயிறு மலர்ல ஒரு பக்கம் போடுங்க.