செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், காப்பகப் பொறுப்பாளர்களுக்கும், வேலைகளை ஒதுக்கிவைத்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை சென்னையில் வீடற்றோருக்குக் காப்பகம் நடத்தும் அமைப்புகள் சேர்ந்த நம் சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு மாதந்தோறும் கூட்டப்பட்டது. சில மாதங்களில் கோரம் (கூட்டம் நடக்கத் தேவையான உறுப்பினர் எண்ணிக்கை) இல்லாமல் ஒத்திவைக்க நேர்ந்தது. சுதந்திர தினம், குடியரசு தினக் கொடியேற்றம், அக்டோபர் 10 உலக வீடற்றோர் தினக் கூட்டம், கண் பரிசோதனை முகாம், பொங்கல் விழா ஆகியவை வழக்கம்போல் நடந்தன. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது, பிளாட்பாரத்தில் இருந்தவர்களைக் காப்பகங்களுக்கு அழைத்துச் செல்லும் பணியில் நம் தொண்டர்கள் ஈடுபட்டார்கள்.

இந்த ஆண்டின் பெரும் பகுதி, காப்பகங்களுக்கு இடையே தகவல் பரிமாறிக்கொள்ளும் பொது ஸ்கீமாவை, அதாவது எந்த விவரத்தை எந்தக் கட்டத்தில் எப்படி எழுத வேண்டும் என்ற அமைப்பை, திருத்துவதில் சென்றது. "பாயும் போர்வையும் வாங்க வேண்டிய சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வேலை எதற்கு?" என்று சில உறுப்பினர்கள் என்னிடமும், என்னிடம் கேட்காமல் மற்றவர்களிடமும் கேட்டிருக்கிறார்கள். அதற்கு இங்கே விரிவாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மழை நாட்களில் நம் காப்பகம் ஒன்றுக்கு வந்த ஒரு வயதான அம்மா, காய்ச்சலில் பேச்சு குழறி, அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். உடன் இருக்க ஆள் இல்லை; சொந்தம் யார் என்றும் தெரியவில்லை. பிறகு தேடிப் பார்த்தால், அவர் ஏற்கெனவே நம் இன்னும் இரண்டு காப்பகங்களில் தங்கியவர். ஒன்றில் இனிஷியலோடு ஆங்கிலத்தில் பதிவு; சர்க்கரை மாத்திரை விவரம் அங்கே இருந்தது. இன்னொன்றில் "பூக்கார ஆயா" என்று மட்டும் எழுதி, ஓரத்தில் மகளின் செல்பேசி எண். இப்போது வந்த மூன்றாவது காப்பகத்தில் கணவர் பெயரை முன்னால் சேர்த்து, வயது என்ற கட்டத்தில் பூஜ்யம். மூன்று பதிவும் ஒரே ஆளுடையவை என்று எந்த மென்பொருளும் சொல்லவில்லை. மகளுக்குச் சொல்லியனுப்ப வேண்டிய எண் அத்தனை நாளும் நம் கையிலேயே இருந்தது.

பழைய ஸ்கீமா, அமெரிக்காவின் வீட்டுவசதி, நகர்ப்புற மேம்பாட்டுத் துறை 2004-இல் முதலில் வெளியிட்டுப் பிறகு பலமுறை திருத்திய, வீடற்றோர் விவரங்களைப் பதிவதற்கான தரவுத் தரத்தைப் பார்த்து அமைக்கப்பட்டது. அங்கே எக்ஸ்.எம்.எல்., சி.எஸ்.வி. ஆகிய கணினிக் கோப்பு வடிவங்களில் மென்பொருளுக்கு மென்பொருள் தகவல் போகிறது. அதில் நாம் அவசியம் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: பதில் இல்லாத கட்டத்தை வெறுமனே விடுவதில்லை. வந்தவருக்கே தெரியவில்லை என்றால் 8, சொல்ல விரும்பவில்லை என்றால் 9, நாம் கேட்கவே இல்லை என்றால் 99. கேட்காமல் விட்டது நம் வேலையில் உள்ள குறை. சொல்ல மறுத்தது அவருடைய உரிமை. இரண்டையும் ஒரே பூஜ்யத்தில் போட்டால், அடுத்த காப்பகத்தில் இருப்பவர் எதைத் திரும்பக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று எப்படி அறிவார்? தெருவில் வழங்கும் பெயருக்கும், தோராய வயதுக்கும் அங்கே தனிக் குறியீடு உண்டு. நம் புதிய ஸ்கீமாவிலும் "பூக்கார ஆயா" முறையான பதிவுதான்.

மற்றபடி அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. முதல் பெயர், குடும்பப் பெயர் என்ற பிரிவு நமக்குப் பொருந்தாது. இனிஷியல், தகப்பனார் அல்லது கணவர் பெயர், அழைக்கும் பெயர் என்று மாற்றியிருக்கிறோம். முன்பு எங்கே தங்கியிருந்தார் என்ற கேள்விக்கு, தெரு, ரயில் நிலையம், பாழடைந்த கட்டடம் எல்லாமே அங்கே "குடியிருக்க ஏற்றதல்லாத இடம்" என்ற ஒரே விடைக்குள் அடங்கிவிடும். சென்னையில் பிளாட்பாரம், கோயில் வாசல், மார்க்கெட், ஆஸ்பத்திரி வளாகம் ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் உதவி வேறு. பாரிமுனைப் பக்கம் பாட்டி காலத்திலிருந்து ஒரே பிளாட்பாரத்தில் வாழும் குடும்பத்தையும், நேற்று ரயிலில் வந்து இறங்கியவரையும் ஒரே வரியில் எழுதினால் அந்தக் கணக்கு எதற்குப் பயன்படும்?

தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் மட்டுமே அனுப்ப வேண்டும். 03/04 என்று எழுதியதை எக்செல் சில கணினிகளில் மார்ச் என்றும் சிலவற்றில் ஏப்ரல் என்றும் எடுத்துக்கொண்டு நம்மைப் படுத்தியது போதும். தமிழ் எழுத்து, எந்தக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோடு முறையில்தான் இருக்க வேண்டும். தமிழக அரசு 2010-லேயே இதை ஏற்றுக்கொண்டும், இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பட்டியல்கள் வருகின்றன; வேறு கணினியில் திறந்தால் ஒரு பெயரையும் படிக்க முடிவதில்லை.

சாதி, மதக் கட்டங்கள் வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு காப்பகத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆளை மாற்ற அது தேவையில்லை என்பது ஸ்கீமாவைத் திருத்த அமைத்த துணைக்குழுவின் முடிவு. அதில் நான் உறுதியாக நிற்கிறேன். ஆதார் எண்ணும் பரிமாற்றத்தில் போகாது. இருக்கிறதா, இல்லையா என்பது மட்டும் போகும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனத்தில் வைத்து, சம்மதம் கொடுத்த தேதி, திரும்பப் பெற்ற தேதி இரண்டுக்கும் கட்டம் சேர்த்திருக்கிறோம்.

5 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில், லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்டது. பற்றாக்குறை இவ்வளவு என்று நாம் போய்ச் சொல்லக் கையில் கணக்கு வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றோரை எண்ணியது 2011 பிப்ரவரி 28 இரவு. அதற்குப் பின், இந்த அறிக்கை ஆண்டு முடியும்வரை எண்ணவில்லை. ஒரே ஆளை மூன்று முறை எழுதிய பட்டியலை அதிகாரிகள் முன் எந்த முகத்தோடு நீட்டுவது?

புதிய ஸ்கீமாவின் வரைவு எல்லா உறுப்பினர் அமைப்புகளுக்கும் அனுப்பப்பட்டது. பதில் எழுதியவர்கள் சிலரே. மூன்று முறை தேதி நீட்டித்தும் வாய் திறக்காதவர்கள், செயற்குழு ஒப்புதல் கொடுத்த பிறகு "யாரைக் கேட்டு மாற்றினீர்கள்?" என்று கேட்டது எனக்கு மிகுந்த வருத்தம். துணைக்குழுவுக்குப் பெயர் கொடுத்தவர்களில் கடைசிவரை உட்கார்ந்தவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் வாட்ஸாப்பில் வாழ்த்து அனுப்பினார்கள். மென்பொருள் நிறுவனம் ஒன்று, புதிய வடிவத்தில் தகவலை வெளியே எடுத்துத் தரத் தனிக் கட்டணம் கேட்கிறது, பேச்சு நடக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சென்ற ஆண்டைவிட வரவு குறைவு. செலவு ஏறக்குறைய அதே அளவு. கையிருப்பு அடுத்த சில மாதங்களுக்குத் தாங்கும். தணிக்கை முடிந்துவிட்டது. குறைவுக்குக் காரணம் சந்தா பாக்கி. உறுப்பினர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த ஆண்டுச் சந்தா கட்டவில்லை. சிலர் முந்தைய ஆண்டுக்கும் சேர்த்துப் பாக்கி. பெயர்களை இங்கே படிக்க எனக்கு மனமில்லை. ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் வாசலருகே அமர்ந்திருக்கிறார்.

இடம் தந்து உதவிய சமுதாயக் கூடத்தாருக்கும், மாநகராட்சி அலுவலர்களுக்கும், கணக்கைத் தணிக்கை செய்தவருக்கும், விடுமுறை நாட்களில் வந்து நிரல் எழுதிக் கொடுத்த இரண்டு தம்பிகளுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் மூன்று காப்பகங்களிலாவது புதிய ஸ்கீமாவைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் எக்செல் தெரிந்த ஒருவர் வாரத்தில் ஓர் அரை நாள் இதற்கென உட்கார வேண்டும். பழைய பதிவேடுகளைத் தட்டச்சு செய்யச் சிறு தொகையும் வேண்டும். ஆளும் பணமும் வராவிட்டால் இந்த வேலை இப்படியே நிற்கும் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் கோப்புகளை இன்றே ஒப்படைக்கத் தயார். ஒருவரும் வராவிட்டால் நான் தொடர்கிறேன், ஆனால் தனியாக இழுக்க முடியாது. சோதனைக்கு வரும் காப்பகங்கள் கூட்டம் கலையும் முன் தங்கள் பெயரைத் தலைவரிடம் கொடுக்கலாம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
சென்னை