டயர் ஓரத்துப் புல்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய படம் வந்தது. அம்மா போனை வாங்கி உன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இளைத்துவிட்டான் என்றாள். நான் டயரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்க இடது டயர். அதன் ஓரத்தில் புல் ரிம் தொடும் உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. போன மாதப் படத்திலும் பின்னால் இதே வேலிதான். அதற்கு முந்தைய படத்திலும் இதே வேலி, இதே சாய்ந்த கம்பம். மாறியிருப்பது புல் மட்டும்தான்.

நீ வீடாக்கி வைத்திருக்கிற அந்த வேன் நகர்ந்து எத்தனை நாளாகிறது?

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன் சொந்த விஷயம் எதிலும் இனிமேல் தலையிட மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னேன், அந்த வார்த்தையில்தான் இருக்கிறேன். வண்டியைப் பற்றி மட்டும் கேட்கிறேன்.

போனில் கேட்டபோது, "வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி விடுகிறேன் அப்பா, ஒன்றும் ஆகாது" என்றாய். அதைத்தான் செய்யக்கூடாது. பத்து நிமிடத்தில் எஞ்சின் முழுச் சூடு ஏறாது. புகைக்குழாயில் கோத்த நீர் ஆவியாகிப் போகாமல் அங்கேயே நின்று உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். ஸ்டார்ட் எடுக்கும்போது பேட்டரியிலிருந்து போனதே அந்த நேரத்தில் ஒழுங்காகத் திரும்பாது. உன்னுடையது டீசல். புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்கிற வடிகட்டி ஒன்று இருக்கிறதே, அதற்குச் சாலையில் ஒரே சீராக ஓடினால்தான் சேர்ந்த கரியை எரித்துத் தள்ள முடியும். நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தால் அடைத்துக்கொள்ளும். ஸ்டார்ட் செய்தால் அரை மணி நேரமாவது ஓட்டு. இல்லையென்றால் தொடாமலே விடு, அது இதைவிட மேல்.

நின்ற வண்டி கெடும், தம்பி. இப்படி வீடாக்கிய கேம்பர் வேன் வைத்திருப்பவர்கள் பலருக்கு இது கடைசிவரை பிடிபடுவதில்லை. கிலோமீட்டர் குறைவு, அதனால் வண்டி புதுசு மாதிரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நீ வைத்திருக்கும் ஃபியட் டுகாட்டோ வேனையே எடுத்துக்கொள். 1981இல் வந்த பெயர் அது. ஐரோப்பாவில் கட்டுகிற மோட்டார்ஹோம்களில் பெரும்பங்கு அதன் மேல்தான். அதே வண்டியைச் சரக்கு ஏற்றுகிறவன் காலையிலிருந்து இரவுவரை ஓட்டி லட்சக்கணக்கான கிலோமீட்டர் தாண்டுகிறான். வீடாக்கி வைத்திருப்பவன் வருடத்துக்குச் சில ஆயிரம் ஓட்டிவிட்டு மீதி நாளெல்லாம் நிறுத்திவைக்கிறான். பிரேக் டிஸ்க் துருவேறி பேடோடு ஒட்டிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக்கை இழுத்தபடியே மாதக்கணக்கில் விட்டால் கேபிளும் இறுகிப்போகும். சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடு.

அப்புறம் அந்த டயர். பட்டன் தேயவில்லை என்று பார்த்துத் திருப்திப்படாதே. கேம்பர் வேனுக்கு டயர் தேய்ந்து போவது அபூர்வம், வயதாகித்தான் போகும். பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கத்தைப் படி. 2318 என்றிருந்தால் 2018ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், பக்கச் சுவரில் விரலை ஓட்டிப் பார்த்தால் முடிபோல வெடிப்பு தட்டுப்படும். ஒரே இடத்தில் எடையைத் தாங்கி நின்றால் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். குறைந்தபட்சம் ஒரு முழம் முன்னால் நகர்த்தி நிறுத்தலாமே. அதுகூட முடியாமலா இருக்கிறாய்?

சரி, அதை விடு.

இந்தக் கடிதத்தோடு என் பழைய நோட்டையும் அனுப்பியிருக்கிறேன். நீல அட்டை, உன் கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்கள். முதல் பக்கத்தில் உன் வாத்தியாரின் சிவப்பு மை இன்னும் இருக்கிறது. நம் வண்டியை 14 வருடம் வைத்திருந்தேன். அதில் அது வழியில் நின்றது 11 முறை, எல்லாம் எழுதியிருக்கிறேன். மின்சாரக் கோளாறு 5, டயர் 3, எஞ்சின் 2, ஃப்யூல் பம்ப் 1. எஞ்சினுக்கு இரண்டே தடவைதான், பார். ஒன்று பெல்ட் அறுந்தது, இன்னொன்று தண்ணீர்க் குழாய். கேம்பர் வேனை நம்பலாமா என்று கேட்கிறவர்கள் எல்லோரும் எஞ்சினைத்தான் கேட்கிறார்கள். வண்டி கிடக்கட்டும், மேலே கட்டிய வீடு எப்படி என்று யாரும் கேட்பதில்லை. ஓடும்போது ஒவ்வொரு குழியிலும் குலுங்குகிற வீடு அது. ஒவ்வொரு திருகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டே இருக்கும்.

மின்சாரக் கோளாறு ஐந்தில் மூன்று ஒரே எர்த் ஒயர். உனக்கு நினைவிருக்கும், நீதான் டார்ச் பிடித்தாய், ஒன்பது வயது. விளக்கு மங்குகிறது, தண்ணீர் பம்ப் முக்குகிறது, நான் பேட்டரியைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். நீ டார்ச்சைத் தப்பான பக்கம் காட்டுகிறாய் என்று அதட்டினேன். நீ காட்டிய இடத்தில்தான் சேசிஸில் பச்சை பூத்த அந்த நட்டு இருந்தது. கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மாட்டியதும் விளக்கு பளீரென்று எரிந்தது. அதற்கு முன்பே இரண்டு பேட்டரி மாற்றியிருந்தேன், இரண்டிலும் ஒரு குறையும் இருந்திருக்காது.

உன் வண்டியில் அப்படி நடக்காது என்று எனக்குத் தைரியம் உண்டு. நீயே கட்டியது, எந்த ஒயர் எந்தப் பலகைக்குப் பின்னால் போகிறது என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு ஃப்யூஸுக்கும் மேல் உன் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்ததைப் பார்த்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அலமாரிக் கதவு குலுக்கலில் திறக்காமலிருக்க நீ வைத்த அந்த அழுத்துப் பொத்தானை இங்கே வருகிற எல்லோரிடமும் படத்தில் காட்டுகிறேன்.

ஆனால் கூரையை நீ சரியாகப் பார்ப்பதில்லை. கூரை ஜன்னலைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைத்த பசைக்கு ஆயுள் உண்டு. வெயிலில் காய்ந்து விளிம்பில் வாய் பிளக்கும். தண்ணீர் அங்கே இறங்கி இரண்டு முழம் தள்ளி வேறெங்கோதான் எட்டிப் பார்க்கும், கறை தெரியும்போது உள்ளே பலகை ஊறிப்போயிருக்கும். ஈரமானியை வைத்துப் பார், 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் உள்ளே தண்ணீர் இறங்குகிறது என்று வைத்துக்கொள். எஞ்சின் கெட்டால் மாற்றலாம். பாடி உளுத்தால் வண்டியே போச்சு.

வண்டிக்குள் விளக்குக்கும் பம்புக்கும் தனியாக வைத்த வீட்டு பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்தாயா? ஈய பேட்டரி முழுதாக இருந்தால் 12.7 வோல்ட் காட்டும், 12.1க்கு வந்தால் பாதி போய்விட்டது. அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுசு முடியும். லித்தியம் மாற்றிவிட்டேன் என்று நீ சொன்னதாக அம்மா சொல்கிறாள். நல்லது, அது ஆழமாக இறக்கினாலும் தாங்கும். ஆனால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் ஏற்றிவிடாதே, உள்ளே கெட்டுப்போகும். அந்தக் குளிரில் தண்ணீர்த் தொட்டியையும் ஹீட்டரையும் காலியாக விடு, உறைந்தால் பிளந்துகொள்ளும். ஃபிரிட்ஜ் கேஸில் ஓடுகிற ரகம் என்றால் வண்டி சமமாக நிற்க வேண்டும். அதற்குள் ஓடுகிற சாமான் எதுவும் கிடையாது, அம்மோனியாவும் தண்ணீரும் தாமாக இறங்கி ஓடினால்தான் குளிரும். படத்தில் உன் வண்டி வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. வெறும் மண் இறங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

கார்பன் மோனாக்சைடு அலாரத்தைப் பற்றி இரண்டு முறை கேட்டுவிட்டேன், இரண்டு முறையும் நீ பதில் சொல்லவில்லை. அந்த வாயுவுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. தூங்குகிறவன் எழுந்திருக்க மாட்டான். தனியாகத் தூங்குகிற வண்டியில்... அலாரத்துக்கும் ஆயுள் உண்டு, பின்பக்கம் தேதி போட்டிருக்கும். பார்த்து எழுது. தரையில் சமையல் கேஸ் வெளியேற வைத்த துளையைக் குளிருக்குப் பயந்து அடைத்து வைக்காதே. கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தங்கும்.

பழைய ஃபோக்ஸ்வேகன் வேன் மேல் உனக்கு ஒரு கண் உண்டென்று தெரியும். 1950இல் ஆரம்பித்த வண்டி, பிரேசிலில் 2013 வரை செய்துகொண்டிருந்தார்கள். அதில் எத்தனையோ எரிந்துபோனது ஒரு சாண் ரப்பர் குழாயால். பெட்ரோல் குழாய் காய்ந்து வெடித்துச் சூடான எஞ்சின் மேல் சொட்டும். மாற்றியிருந்தால் காசு என்று சொல்லவே ஒன்றும் ஆகாது. வண்டிக்காரன் பார்க்காத இடத்தில் நடப்பதற்கெல்லாம் வண்டியின் மேல்தான் பழி.

பழி என்று எழுதியதும் பேனா நிற்கிறது. நோட்டில் 11ஆவது பதிவைப் பார். ஃப்யூல் பம்ப் என்று போட்டிருக்கும், தேதி உனக்கே தெரியும்.

அது பொய், தம்பி.

உன் கல்யாணத்தன்று விடியுமுன்னே கிளம்பினோம். பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டினேன். பம்ப் நன்றாகத்தான் இருந்தது. என்னைக் கேட்காமல் நாள் குறித்துவிட்டாய் என்ற கோபம், வேறொன்றும் இல்லை. இப்போது எழுதிப் பார்த்தால் ஒரு வரிகூட நிறையவில்லை. நான்கு பக்க விளக்கையும் மினுக்கவிட்டு, நிஜமாகவே நின்றுபோன வண்டி மாதிரி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த டிக் டிக் சத்தம் தவிர வண்டிக்குள் ஒரு பேச்சு இல்லை. அம்மா பக்கத்து சீட்டில் முன்னால் பார்த்தபடியே இருந்தாள். எல்லாம் முடிந்திருக்கும் நேரம் பார்த்துச் சாவியைத் திருப்பினேன். அவ்வளவு நேரம் விளக்கு எரிந்தும் முதல் திருப்பிலேயே எடுத்தது.

உள்ளே வருவதற்கு முன் பானெட்டைத் திறந்து கையில் கிரீஸைத் தடவிக்கொண்டேன். நீ ஓடிவந்து உன் கைக்குட்டையைக் கொடுத்தாய், புதுசு. வந்தவர்களிடம் எல்லாம், "பழைய வண்டி, அப்பா என்ன செய்வார்" என்று நீதான் எனக்காகப் பேசினாய். மருமகள் என் கையைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றே இத்தனை நாளும் நினைத்திருக்கிறேன். அதனால்தான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசாமலே இருந்தேன். உங்கள் இருவருக்கும் நடுவில் என்ன ஆனதோ எனக்குத் தெரியாது, கேட்கவும் போவதில்லை. அதில் என் பங்கு எவ்வளவு என்று மட்டும் ராத்திரியில் கணக்குப் போடுகிறேன்.

அடுத்த வருடமே, இனி இதை நம்ப முடியாது என்று சொல்லி வண்டியை விற்றேன். வாங்க வந்தவர் நோட்டைப் புரட்டிவிட்டு, பம்ப் மாற்றியாகிவிட்டதா என்று கேட்டார். மாற்றியாயிற்று என்றேன். அதையும் பொய்யாகவே விற்றேன். நம் வீட்டில் யாராவது தாமதமாக வந்தால் "அப்பா வண்டியில் வந்தாயா" என்று கேலி செய்வீர்களே, அப்போதெல்லாம் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். 14 வருடத்தில் அந்த வண்டி நின்றது 10 முறைதான். நோட்டில் 11ஐ அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு இதை எழுதுகிறேன் என்று தெரியாது. தெரிந்தால், ஒருவழியாக எழுதினாயே என்பாள்.

மருமகளிடம் பேசுகிற நிலையில் நீ இருந்தால் இந்த நோட்டை அவளிடமும் காட்டு. இல்லையென்றால் வேண்டாம், அலமாரியில் போட்டுவை. பதில் எழுத முடியாவிட்டாலும் பரவாயில்லை. டயர் ஓரத்துப் புல்லைப் பிடுங்கிவிட்டு, காற்று பார்த்து, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வா. எந்தப் பக்கம் என்றாலும் சரி. இங்கே வரும் பக்கம் என்றாலும் சரி.

அடுத்த படத்தில் பின்னால் வேறு வேலி இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: கிளம்புகிற அவசரத்தில் சக்கரக் கட்டையை எடுக்க மறந்துவிடாதே. கூரை மூடியையும் சாத்திவிட்டாயா என்று பார். நான் ஒருமுறை மறந்தேன், அது நோட்டில் இல்லை.