ஏரிக்கரைக்கு குடிவர நெனைக்கிறவளுக்கு

ஏய்,

உன் மெயில் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் இல்லன்னு திட்டியிருப்ப, திட்டிக்கோ, ஆனா இங்க அடிச்ச வெயில்ல எதையும் உட்கார்ந்து எழுதுற புத்தியே வரல, நேத்து ராத்திரி ஒரு மழை கொட்டின பிறகுதான் மனுஷியானேன்.

ரிட்டையர் ஆனதும் ரெண்டு பேரும் இந்த மாதிரி ஏரிக்கரை ஊருக்கே வந்துடலாம்னு பாக்குறோம், ஆவரேஜ் டெம்பரேச்சர் 27 டிகிரிதானே, தண்ணி பக்கத்துல ஜில்லுன்னு இருக்கும்லன்னு கேட்டிருக்க. ஆறு வருஷமா இங்க இருக்கேன், எனக்கு இந்த ஊர் பிடிக்கும், விட்டுட்டுப் போற எண்ணமும் இல்ல. அதனாலதான் சொல்றேன், அந்த 27ஐ நம்பி பெட்டி கட்டாதடி. பகலையும் ராத்திரியையும் கலந்து, மார்கழியையும் சித்திரையையும் கலந்து போட்ட கணக்கு அது, அந்த 27ல நாம ஒரு நாளும் குடியிருக்கப் போறதில்ல.

விஷயம் என்னன்னா, காஞ்ச மண்ணு சூடாக எவ்வளவு வெப்பம் வேணுமோ அதை விட நாலஞ்சு மடங்கு அதே எடை தண்ணிக்கு வேணும். அதனால காலைல பத்து பதினோரு மணிக்கு கரை சூடாகி அங்க இருக்கிற காத்து மேல எழும்புறப்போ, ஏரி மேல இருக்கிற குளுந்த காத்து அந்த இடத்துக்கு வரும். கரையோரம் நின்னா சுகமாத்தான் இருக்கும், ஆனா உள்ள ரொம்ப தூரம் வராது, முன்னாடி வரிசையா நாலு மாடிக் கட்டடம் நின்னா அதோட சரி. ராத்திரி கதை வேற. பகல் பூரா வாங்கி வெச்ச சூட்டை தண்ணி லேசுல விடாது, வறண்ட ஊர்ல பகல்ல 42 அடிச்சாலும் விடியக்காலைல இறங்கி உடம்பு கொஞ்சம் ஆசுவாசப்படும், இங்க கோடைல ராத்திரி ரெண்டு மணிக்கும் 28க்கு கீழ இறங்காம ஃபேன் சூட்டைத்தான் சுத்தி விடும்.

இன்னொண்ணு, ஏரி இருந்தாலே குளிர்ச்சின்னு எவனும் சொன்னா நம்பாத. அமெரிக்காவுல அரிசோனால லேக் ஹவாசு சிட்டின்னு ஒரு ஊர், கொலராடோ ஆத்துல அணை கட்டினதால உண்டான ஏரிக்கரைல இருக்கு, அங்க 1994 ஜூன் 29 அன்னைக்கு 53.3 டிகிரி. அந்த மாநிலத்துக்கே அதுதான் ரெக்கார்ட். கண்ணு முன்னாடி அவ்வளவு தண்ணி கிடந்து என்ன பிரயோஜனம்?

ஆனா அது காஞ்ச சூடு, வேர்த்தா காஞ்சுடும். நம்ம மாதிரி ஈரக்காத்து ஊர்ல வேர்வை காயவே காயாது, அதுதான் ஆபத்து. ஈரத்துணி சுத்தின தெர்மாமீட்டர்ல 35 டிகிரி காட்டினா மனுஷ உடம்பு தாங்காதுன்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தாங்க, 2022ல பென்சில்வேனியாவுல வாலிபப் பசங்களை வெச்சே ஆராய்ச்சி பண்ணிப் பாத்தா அவங்களுக்கே 31 வாக்குல உடம்புச் சூடு ஏற ஆரம்பிச்சுடுச்சு. நமக்கு என்ன வயசுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அதனால வெதர் ஆப்ல டிகிரியை விட்டுட்டு டியூ பாயிண்ட்டைப் பாரு, காத்துல எவ்வளவு ஈரம் இருக்குன்னு காட்டுற அளவு அது, 24க்கு மேல போச்சுன்னா வாக்கிங் கேன்சல்.

இதெல்லாம் படிச்சுட்டு வெளிய போகவே முடியாதான்னு கேக்காத. போறேன், தினமும் போறேன், நேரம் மட்டும் ஏரி சொல்றதுதான். அஞ்சரைக்கு இறங்கி எட்டரைக்குள்ள வீடு, அப்புறம் அஞ்சு மணிக்கு மேல. 52 வயசுல கயாக் ஓட்டக் கத்துக்கிட்டேன்டி, சிரிக்காத. முதல் மாசம் ஒரு நாள் விடியக்காலைல போறேன், துடுப்பு போடவே வேணாம், போட் வழுக்கிட்டுப் போகுது, ஆஹா நமக்கு இவ்வளவு தெம்பான்னு பாதி ஏரி தாண்டிட்டேன். திரும்பினா தெரியுது, விடியக்காலைல காத்து கரைலேர்ந்து ஏரிப்பக்கம் அடிக்கும், அதுதான் இவ்வளவு நேரமும் முதுகைத் தள்ளிட்டு வந்திருக்கு! போன நேரத்தை விட ரெண்டு மடங்கு ஆச்சு வந்து சேர, தோள்பட்டை நாலு நாள் தூக்க முடியல. இப்பல்லாம் போறப்போ காத்துக்கு எதிர்ல போவேன், வரப்போ அது தள்ளிக்கிட்டு வரட்டும்னு. லைஃப் ஜாக்கெட் இல்லாம இறங்க மாட்டேன். இடி கேட்டா உடனே கரை. சூடான பெரிய ஏரிகள்ல ராத்திரி இடிமழை சர்வ சாதாரணம், வெனிசுவேலாவுல மரக்காய்போ ஏரின்னு ஒண்ணு, உலகத்துலயே அதிகமா மின்னல் விழுற இடம் அதுதானாம்.

நீச்சலும் உண்டு, ஆனா கோடைக் கடைசில தண்ணி பச்சைப் பெயின்ட் கொட்டின மாதிரி ஆகும், அப்ப காலைக் கூட நனைக்க மாட்டேன். நீலப்பச்சைப் பாசி அது, தேங்கின சூடான தண்ணியும் வயல் உரமும் சாக்கடையும் சேர்ந்தா குதூகலமா வளரும். 2014ல அமெரிக்காவுல ஏரி (Erie) ஏரில, பேரே ஏரிதான், அதோட கரைல ஓஹையோல டொலீடோன்னு ஊர்ல இந்தப் பாசி விஷம் குடிதண்ணில கலந்து நாலு லட்சம் பேருக்கு மேல குழாய்த் தண்ணியைக் குடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. காய்ச்சினாலும் போகாதாம், தண்ணி வத்தி விஷம் இன்னும் அடர்த்தியாகுமாம். உன் நாயைக் கூட்டிட்டு வரப்போறேன்னியே, பச்சை தெரியுற நாள்ல அதைக் கட்டி வை, நக்கிட்டா போச்சு. அப்புறம் சூடான தேங்கின தண்ணில மூக்கு வழியா ஏறுற அமீபா வேற, அபூர்வம்தான், ஆனா வந்தா பொழைக்கிறது கஷ்டம், அதனால மூக்கு கிளிப் போடாம முங்குறதில்ல.

எனக்கு உண்மைல எரிச்சல் வர்ற விஷயம் இது எதுவுமில்ல. கரையை அழகு பண்றோம்னு இருந்த மரத்தையெல்லாம் வெட்டிட்டு கல்லு பாவி லைட் போட்டுட்டாங்க. போட்டோல பளபளன்னு இருக்கும், நாலு மணிக்கு நடந்தா செருப்பு வழியா சுடும், பெஞ்ச்ல உட்கார முடியாது, ராத்திரி அந்த லைட்டுக்கு ஏரியிலேர்ந்து பூச்சிக் கூட்டம் கிளம்பி வந்து வாயைத் திறக்க விடாது, கடிக்காதுதான், ஆனா காலைல வாசல்ல அள்ளிக் கொட்டணும். அந்தப் பக்கம் பழைய புங்கமர வரிசை இன்னும் தப்பிச்சு நிக்குது, ஊர் ஜனம் மொத்தமும் அங்கதான். வீடு பாக்குறப்போ ஏரி தெரியுதான்னு கேக்காத, கரைக்குப் போற வழில நிழல் இருக்கான்னு கேளு.

அதனால மார்கழில வந்து பாத்துட்டு அட்வான்ஸ் குடுத்துடாத, அப்ப இந்த ஊர் சொர்க்கம், எவனுக்கும் மயக்கம் வரும். இருக்கிறதுலயே மோசமான மாசத்துல பத்து நாள் வந்து என் வீட்ல தங்கு. மாடி ரூம் தர்றேன், ஏசி போட மாட்டேன், ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஜன்னலைத் திறந்து பாத்துட்டு உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்னு கேட்போம். அஞ்சரைக்கு உன்னை எழுப்பிடுவேன், கயாக் ரெண்டு பேர் உட்கார்ற மாதிரி வாங்கிட்டேன், முன்னாடி சீட் உனக்கு.

வர்ற தேதியை சீக்கிரம் சொல்லு,
உன் பழைய ரூம்மேட்