குடத்தில் என்ன எழுத்து?

லாஸ் ஏஞ்சல்ஸ்
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

உன் பச்சைக் குடம் கார்ட்டூனுக்கு யூடியூப்காரர்கள் கொடுத்த அக்ரிமெண்டைப் போட்டோ எடுத்து அனுப்பினாயே, அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி மூன்று தடவை படித்தேன். நாலாவது பக்கத்தில் பாதியை உன் கட்டைவிரல் மறைக்கிறது, மறைக்காத பாதியே எனக்குப் போதும். வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் ப்ளூ டிக்கைக் காட்டிவிட்டு நீ உன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாய், அதனால்தான் கடிதம். அப்பாவுக்கும் வாசித்துக் காட்டு.

முதலில் அம்மாவுக்கு. நன்றாகச் சாப்பிடுகிறேன். வத்தக்குழம்புப் பொடி தீர்ந்துவிட்டது, ஆனால் அனுப்பவேண்டாம், ஆர்ட்டீசியாவில் பயோனியர் பவுல்வர்ட் என்று ஒரு தெரு முழுக்க நம்ம நாட்டுக் கடைகள் இருக்கின்றன, மாதம் ஒரு தடவை நண்பன் காரில் தொற்றிக்கொண்டு போய் வாங்கிவருகிறேன். இந்த ஊரில் கார் இல்லாதவன் பாதி மனிதன். சம்பளத்தில் பாதி வாடகைக்கே போகிறது. வீட்டில் இருக்கும் மேஜையைப் பற்றி அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை, இன்று சொல்லிவிடுகிறேன்: அது நடைபாதையில் கிடந்தது. வீடு காலி செய்கிறவர்கள் சோபா, மேஜை எல்லாவற்றையும் வாசலில் வைத்து 'இலவசம்' என்று ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நானும் அறை நண்பனும் நாலு தெரு தூக்கிக்கொண்டு வந்தோம். அதன் மேல் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

உன் ஸ்டுடியோவுக்குக் கீழே மாவு மில் ஓடுவதால் மேஜை ஆடுகிறது, கோடு நேராக வரமாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். சிரித்துவிட்டேன். இங்கே வந்த புதிதில் ஒரு நாள் ராத்திரி மேஜை ஆடியது, அரைத் தூக்கத்தில் கீழே யாரோ மில் ஓட்டுகிறார்கள் என்றே நினைத்தேன். நிலநடுக்கம். சின்னதுதான், காலையில் ஆபீஸில் ஒருத்தரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ போட்டோ அனுப்பிய மறுநாள் மனசு சரியில்லாமல் பஸ் பிடித்து கிங்ஸ்வெல் அவென்யூ போனேன். டிஸ்னி கம்பெனி தொடங்கிய தெரு அது. பெரிதாக எதையும் எதிர்பார்த்துப் போகாதே, ஒரு மாடிகூட இல்லாத கடை வரிசை, வாசலைப் பார்த்தால் சாலிகிராமத்தில் நாம் பேன்ட் தைக்கக் கொடுக்கும் டெய்லர் கடை மாதிரிதான். 1923-ல் அங்கே ஒரு ரியல் எஸ்டேட் ஆபீஸின் பின்பக்கத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். வால்ட் டிஸ்னிக்கு அப்போது 21 வயது, கான்சாஸ் சிட்டியில் ஆரம்பித்த கம்பெனி திவாலாகி, கையில் 40 டாலரோடு ரயில் ஏறி வந்தவர் என்று சொல்வார்கள். அதே தெருவில் இருந்த சித்தப்பா வீட்டில்தான் தங்கினார்.

அண்ணன் ராய் அப்போது காசநோய்க்காக முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருக்கும் தம்பிக்கும் எட்டு வயசு வித்தியாசம், நமக்கும் அதேதான், இதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நியூயார்க்கில் படங்களை வாங்கி விநியோகம் செய்த மார்கரெட் விங்க்லர் என்ற பெண், ஒரு படத்துக்கு 1,500 டாலர் தருகிறேன் என்று தந்தி கொடுத்தார். தம்பி அந்தத் தந்தியை எடுத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்குப் போய் அண்ணனை எழுப்பினாராம். மறுநாள் ராய் ஆஸ்பத்திரியை விட்டு வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. 1923 அக்டோபர் 16-ல் ஒப்பந்தம். ராய் தன் சேமிப்பைப் போட்டார், சித்தப்பா முதலில் முணுமுணுத்துவிட்டு அப்புறம் 500 டாலர் கடன் கொடுத்தார். கணக்கு எழுதியதும் ராய்தான், ஆரம்பத்தில் கேமரா கைப்பிடியைச் சுற்றியதும் ராய்தான். பென்சிலில் வரைந்த கோட்டின் மேல் மை போடும் வேலைக்கு வாரம் 15 டாலரில் ஒரு பெண்ணைச் சேர்த்தார்கள், லிலியன் என்று பெயர், வால்ட் பிற்பாடு அவரையே கல்யாணம் பண்ணிக்கொண்டார். (அம்மாவுக்கு இந்த வரியைச் சத்தமாகப் படிக்காதே, உடனே உன் ஸ்டுடியோவில் எத்தனை பெண்கள் வேலை பார்க்கிறார்கள் என்று விசாரிப்பாள்.) கம்பெனியின் முதல் பெயர் 'டிஸ்னி பிரதர்ஸ்'. 1926 வாக்கில் 'பிரதர்ஸ்' போய் வால்ட் பெயர் மட்டும் நின்றது. அண்ணன்கள் கதை எப்போதும் இப்படித்தான்.

இதெல்லாம் சுகமான பகுதி. உனக்குச் சொல்லவேண்டியது முயல் கதை.

1927-ல் ஆஸ்வால்ட் என்று ஒரு முயலை உருவாக்கினார்கள். நன்றாக ஓடியது. அடுத்த வருஷம் வால்ட் நியூயார்க் போய், விங்க்லரின் கணவர் சார்லஸ் மின்ட்ஸிடம் படத்துக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கொடுங்கள் என்று கேட்டார். மின்ட்ஸ் குறைத்துக் கொடுக்கிறேன் என்றார். அதற்குள் வால்டிடம் வரைந்துகொண்டிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேரை மின்ட்ஸ் தன் பக்கம் எழுதி வாங்கியிருந்தார். முயலாவது மிச்சமா என்றால் அதுவும் இல்லை, ஒப்பந்தப்படி அது யூனிவர்சலுக்குச் சொந்தம். வரைந்தவர்களுக்குக் கூலி, முயல் முதலாளிக்கு. அந்த முயல் திரும்பி வந்தது 2006-ல். 78 வருஷம்! அதுவும் எப்படி, அல் மைக்கேல்ஸ் என்ற விளையாட்டு வர்ணனையாளரை அந்தப் பக்கம் விட்டுக்கொடுத்துப் பண்டமாற்று செய்து வாங்கினார்கள்.

இப்போது உன் அக்ரிமெண்டின் நாலாவது பக்கத்தை எடு. 'கதாபாத்திரத்தின் பெயர், உருவம், குரல், எதிர்காலத்தில் வரும் எல்லா வடிவங்களும்' அவர்களுக்கு என்று போட்டிருக்கிறது. எபிசோடுக்கு எவ்வளவு தருகிறார்கள் என்பதை மட்டும்தான் நீ எனக்கு எழுதியிருந்தாய், அது நல்ல தொகைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வரியில் போவது உன் பச்சைக் குடம். தண்ணி லாரி வரும் வரைக்கும் வரிசையில் நின்று வம்பு பேசுகிறதே அந்தக் குடம், காலில்லாமல் உருண்டு உருண்டு முன்னால் நுழைகிறதே, அதைப் பார்த்து ஆபீஸில் தமிழே தெரியாத ஒரு பெண் மூன்று தடவை போடச் சொல்லிச் சிரித்தாள். நாளைக்கு வேறு யாரையோ வைத்து அவர்கள் அதே குடத்தை வரைந்தால் உன்னால் ஒன்றும் கேட்க முடியாது.

நானும் கையெழுத்துப் போட்டவன்தான். சம்பளத்துக்கு வரைகிறேன், ஆபீஸில் வரைவது கம்பெனிக்கு, அது எனக்குத் தெரிந்தே செய்த பேரம். முதலில் இருந்த கம்பெனியில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் குழுவையே மூடினார்கள், என் ஸ்டோரிபோர்டு எல்லாம் அவர்கள் சர்வரிலேயே தங்கிவிட்டது. விசாவுக்கு இருந்தது 60 நாள் அவகாசம். வேலை தேடிப் போகிற இடத்தில் காட்டுவதற்கு வீட்டில் சும்மா கிறுக்கியதுதான் கையில் இருந்தது. அப்போது போனில் உங்கள் யாரிடமும் சொல்லவில்லை, மன்னித்துவிடு. 52-வது நாள் இந்த வேலை கிடைத்தது.

இன்னொன்று, இதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. எல்லாரும் போனபோது வால்டை விட்டுப் போகாதவர் அப் ஐவெர்க்ஸ், கான்சாஸ் சிட்டிக் காலத்துத் தோழர். மிக்கியின் முதல் படத்தை ஏறக்குறைய ஒற்றை ஆளாக வரைந்தார், ஒரு நாளைக்கு 700 ஓவியம் வரை போட்டார் என்கிறார்கள். அந்த வேலை ரகசியமாக நடந்ததால் மை போடுவது வீட்டு கராஜில், லிலியன், அவர் அக்கா, ராயின் மனைவி மூன்று பேரும் உட்கார்ந்து போட்டார்கள். 1928 நவம்பர் 18-ல் நியூயார்க்கில் மிக்கி சத்தத்தோடு திரைக்கு வந்தது, அந்த ஒலிப்பதிவுச் செலவுக்கு வால்ட் தன் காரை விற்றார். சரி, வரைந்த ஐவெர்க்ஸ்? கம்பெனியில் அவருக்கு ஐந்தில் ஒரு பங்கு இருந்தது. 1930-ல் மனசு கசந்து விலகும்போது அதை 2,920 டாலருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பத்து வருஷம் கழித்து அங்கேயே வேலைக்குத் திரும்பினார்.

உங்கள் ஸ்டுடியோவில் இருக்கும் மூன்று பேரில் ஐவெர்க்ஸ் யார் என்று உனக்கே தெரியும். குடத்தை யோசித்தது நீ, உருட்டியது அவன். அவனோடு பங்கை இப்போதே எழுதி வைத்துக்கொள், வெறும் டீக்கடைப் பேச்சாக விடாதே, முத்திரைத்தாளில் எழுதுங்கள். நண்பன்தானே என்றால், நண்பன் என்பதால்தான் சொல்கிறேன். அந்த யூடியூப்காரர்களிடம், ஒளிபரப்பும் உரிமை மூன்று வருஷத்துக்குத் தருகிறோம், குடம் எங்களுடையது என்று கேட்டுப் பார். ஒத்துக்கொள்ளாவிட்டால் விடு. மில் மாடிக்கு ஆறு மாத வாடகைக்கு நான் அனுப்புகிறேன். கடன்தான், முணுமுணுத்துக்கொண்டேதான் தருகிறேன்.

திரும்பும்போது ஹைபீரியன் அவென்யூவில் இறங்கினேன். 1926-லிருந்து பர்பேங்க் என்ற ஊருக்குப் போகும் வரை டிஸ்னி ஸ்டுடியோ இருந்த இடம் அது. இப்போது சூப்பர் மார்க்கெட். கறிகாய்ப் பகுதியில் மெல்லிசாக மழை மாதிரித் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறார்கள், நான் ஒரு கட்டு கொத்தமல்லியை எடுத்து உதறிக்கொண்டு அப்பாவை நினைத்துக்கொண்டேன். அண்ணா சாலையில் நாற்பது அடி கட்-அவுட்டுக்குக் கட்டம் போட்டு முகம் வரைந்தவர், கீழ் மூலையில் முதலாளியின் கையெழுத்தையும் அவர்தான் போடுவார், அசலைவிட அழகாக இருக்கும். பிளக்ஸ் வந்த பிறகு வண்டி நம்பர் பிளேட் எழுதினார். ஒரு நாளும் அதைப் பற்றிப் புலம்பியதில்லை, ஒரே ஒரு தடவை, நீ ரொம்பச் சின்னப் பையன், ஹீரோவின் சட்டையில் மூன்றாவது பட்டனை என்னிடம் காட்டினார். உள்ளே ஒரு 'ச' இருந்தது.

தண்ணிப் பஞ்சத்தின்போது அம்மா அடுப்பில் ஸ்க்ரூடிரைவரைக் காய்ச்சி நம் குடங்களில் அதே 'ச'வைப் பொறித்தாளே, வரிசையில் மாறிப்போகக் கூடாது என்று, அந்தப் பிளாஸ்டிக் கருகிய வாடை எனக்கு இன்னும் இருக்கிறது. உன் பச்சைக் குடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், அதில் எழுத்தே இல்லை. அடுத்த எபிசோடுக்குள் போட்டுவிடு. அப்பாவையே எழுதச் சொல், ஸ்கேன் பண்ணிக்கொள்ளலாம்.

அண்ணன்